ஆணியாகவா, விருந்தினராகவா?
பூட்டான் கோயில்களினூடே ஒரு வரலாற்றுச் சிந்தனை

இமயத்தின் தென்சரிவில், வடக்கே திபெத்தும் தெற்கே அசாம், வங்கச் சமவெளிகளும் எல்லையாக அமைந்த சிறு நாடு பூட்டான். அதன் பரப்பு ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர். தமிழகத்தின் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. மக்கள்தொகையோ இன்னும் 8 இலட்சத்தை எட்டவில்லை. அம்மக்கள் தம் நாட்டை 'துருக் யுல்' என்று அழைக்கின்றனர். இடி முழக்கும் டிராகனின் நாடு என்பது அதன் பொருள்.

1974ஆம் ஆண்டில்தான் அந்நாடு சுற்றுலாப் பயணிகளுக்குத் தன் கதவைத் திறந்தது. திறந்த பின்னும் அளவோடுதான் விருந்தினரை ஏற்கிறது. இந்தியர்க்கு விசா வேண்டுவதில்லை. அனுமதிச் சீட்டு போதும். வழிகாட்டி ஒருவரைத் துணைக்கொண்டு கோயில் கோயிலாகச் சென்று காணும் பண்பாட்டுச் சுற்றுலாவே பெரும்பாலோர் மேற்கொள்வது. பாரோ, திம்பு, புனாக்கா ஆகிய மூன்று பள்ளத்தாக்குகளையும் ஐந்தாறு நாள்களில் சுற்றிவந்துவிடலாம். அண்மையில் குருக்கள் சிலரும் பொதுநிலையினர் சிலருமாக நாங்கள் அவ்வழியே சென்று வந்தோம்.

பயணக் கதை எழுதுவது இங்கு என் நோக்கமன்று. அந்நாட்டிற்கும் நம் திருச்சபைக்கும், அதிலும் குறிப்பாகத் தென்னிந்தியத் திருச்சபைக்கும், 400 ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் உறவு ஏற்பட்டது. அதனை நம்மில் பலர் அறியோம். அக்கோயில்களின் முன் நிற்கும்போது அந்த உறவின் கதை நம்மிடம் ஒரு வினாவை எழுப்புகிறது: பிறர் மண்ணில், பிறர் வழிபடும் இடத்தில், நற்செய்தியின் பணியாளன் எப்படிச் சென்று நிற்க வேண்டும்?

அரக்கியின் மேல் அறைந்த ஆணி

பாரோ பள்ளத்தாக்கில் உள்ள கிச்சு லாக்காங் அந்நாட்டின் மிகப் பழைய கோயில்களுள் ஒன்று. 'லா' என்றால் தெய்வம், 'காங்' என்றால் இல்லம். 7ஆம் நூற்றாண்டில் திபெத்தை ஆண்ட சோங்ட்சென் காம்போ மன்னர் இதனைக் கட்டினார் என்பது மரபு. திபெத்தும் இமயமும் சேர்ந்த பெருநிலத்தின் மேல் அரக்கி ஒருத்தி மல்லாந்து கிடந்து, புத்த அறம் பரவ ஒட்டாமல் தடுத்தாளாம். அவளை அசையவொட்டாமல் செய்ய மன்னர் 108 கோயில்களைக் கட்டி, அவற்றை ஆணிகளாக அவள் உடல்மேல் அறைந்தார் என்பர். அவளது இடப் பாதத்தின் மேல் நிற்பது கிச்சு. இட முழங்காலின் மேல் நிற்பது பும்தாங் பகுதியில் உள்ள ஜம்பே லாக்காங்.

வழிகாட்டி இக்கதையை முகமலர்ச்சியோடு சொல்வார். பயணிகளும் புன்னகையோடு கேட்பர். ஆனால் சமய வரலாற்றைப் பயின்றவர் இதனைக் கேட்டு எளிதில் கடந்து போக இயலாது. புத்த சமயம் வருமுன் அம்மலைகளில் மக்கள் மண்ணையும் மலையையும் நீர்நிலைகளையும் காக்கும் தெய்வங்களை வணங்கி வந்தனர். புதிய சமயம் நுழைந்தபோது பழைய மண் 'அரக்கி' ஆயிற்று; கோயில் 'ஆணி' ஆயிற்று. இது புத்த சமயத்திற்கு மட்டும் உரிய கதையன்று. வென்ற சமயம் எதுவாயினும், தோற்றதை இப்படித்தான் பெயரிட்டு அழைத்திருக்கிறது. ஆயினும் அறையப்பட்ட அத்தெய்வங்கள் பூட்டானில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. புத்த அறத்தின் காவல் தெய்வங்களாக மாறி, அதே கோயில்களின் பக்க அறைகளில் இன்றும் வழிபாடு பெறுகின்றன.

கோயில் வாயிலை நெருங்கும்போது வழிகாட்டியிடம் ஒரு மாற்றத்தைக் கண்டோம். அதுவரை ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் சரளமாகச் சொல்லி வந்தவர், பேச்சை நிறுத்திக் காலணியைக் கழற்றினார். உள்ளே சென்றதும் மூன்று முறை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார். பிறகே எங்களை நோக்கித் திரும்பித் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். பெரிய ஜோங்குகளுக்குள், அதாவது கோட்டையும் மடமும் ஆட்சிமனையும் ஒன்றாய் அமைந்த மாளிகைகளுக்குள், செல்லும்போது 'கப்னே' எனும் நீண்ட வெண்துகிலைத் தோளில் அணிந்துகொள்வது அந்நாட்டு ஆண்களின் கட்டாய மரபு. எங்களுக்கு அது காட்சி. அவருக்கு அது வீடு. பண்பாட்டுச் சுற்றுலா என்னும் சொல்லில் உள்ள இடர்ப்பாடு அங்கேதான் புலப்படுகிறது. ஒருவர் மண்டியிடும் இடத்தில் மற்றவர் மணிக்கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

உள்ளே புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. வெண்ணெய் விளக்குகளின் மங்கிய ஒளி. சாம்பிராணி போன்ற தூபத்தின் மணம். பலிபீடம்போல் அமைந்த மேடையில் வரிசையாக ஏழு நீர்க் கிண்ணங்கள். நீரைப் படைப்பது ஏன் என்று கேட்டோம். நீர் எவருக்கும் கிடைப்பது. ஏழையும் செல்வனும் ஒரேபோல் படைக்கலாம். கொடுத்துவிட்டோமே என்னும் ஏக்கமும் எழாது என்றார் வழிகாட்டி. காணிக்கையின் பொருளை ஆண்டுதோறும் மறையுரையில் விளக்கி வரும் எமக்கு அவ்விடை போதிய பாடமாக இருந்தது.

வாயில் சுவர்களில் பெரும்பாலும் 'வாழ்க்கைச் சக்கரம்' தீட்டப்பட்டிருக்கும். சாவின் தலைவன் அச்சக்கரத்தைத் தன் பற்களாலும் நகங்களாலும் பற்றியிருப்பான். நடுவில் பன்றி, பாம்பு, சேவல் என மூன்று உயிர்கள் ஒன்றன் வாலை ஒன்று கவ்விச் சுழலும். அறியாமை, வெறுப்பு, பேராசை ஆகியவற்றின் குறிகள் அவை. புத்தரோ சக்கரத்திற்கு வெளியே நின்று விடுதலையின் வழியைச் சுட்டுவார். இம்மாறும் உலகின் குறைவுடைமையைப் புத்த சமயம் ஆழ்ந்து உணர்ந்திருக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கம் 1965ஆம் ஆண்டில் ஏற்றுரைத்ததன் பொருளை அச்சுவரோவியத்தின் முன் நின்றபோது உணர்ந்தோம். ஆயினும் எல்லாச் சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று கூறிக் கடந்துவிடுவது அச்சமயத்திற்கும் மரியாதையாகாது, நமக்கும் உண்மையாகாது. சக்கரத்தைப் படைத்தவர் ஒருவர் உண்டு என்றோ, அவர் அன்பினால் அதனுள் இறங்கி வந்தார் என்றோ அச்சுவர் சொல்லவில்லை. வேறுபாட்டை வேறுபாடாகவே மதித்தல் உரையாடலின் முதற்படி.

பாறை விளிம்பில்

பாரோவின் வடபால், பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் செங்குத்துப் பாறையோடு ஒட்டி நிற்கிறது தக்ட்சாங் மடம். பூட்டான் என்றதும் உலகோர் நினைவுக்கு வரும் படம் இதுவே. 8ஆம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண்புலி ஒன்றின் மேலமர்ந்து வந்து, அங்குள்ள குகையில் தவமிருந்தார் என்பது நம்பிக்கை. இப்போது நாம் காணும் கோயிலின் தொடக்கம் 1692. அந்நாட்டின் நான்காம் ஆட்சியாளரான தென்சின் ராப்கே காலத்தது. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீப்பற்றி முதன்மைக் கட்டடம் எரிந்தது. பழைய அமைப்பு மாறாமல் அதனை மீண்டும் எழுப்பி 2005இல் அர்ப்பணித்தனர்.

தீ அந்நாட்டுக் கோயில்களின் நிலையான பகை. மரமும் வெண்ணெய் விளக்கும் ஒருங்கே உள்ள இடத்தில் அது வியப்பன்று. பாரோவின் பெருஞ்ஜோங் 1907இல் எரிந்தது. துருக்கியெல் ஜோங் 1951இல் எரிந்தது. எரிந்ததைப் பழையபடியே கட்டுவதுதான் அவர்கள் வழக்கம். ஆகவே ஒரு கோயில் 'எத்தனை ஆண்டுப் பழமையுடையது' என்னும் நம் வினா அவர்களுக்கு அத்துணை முக்கியமாகத் தோன்றுவதில்லை. கல்லும் மரமும் புதியனவாயினும் வழிபாடு தொடர்ந்தால் கோயில் பழையதே. பழைய ஆலயங்களை இடித்துப் புத்தாலயம் கட்ட விரைகின்ற நம் பங்குகள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

சக்ரி மடத்தில் இரு குருக்கள்

தலைநகர் திம்புவுக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று, கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்றைக் கடந்து, ஒரு மணி நேரம் மலையேறினால் சக்ரி மடத்தை அடையலாம். சுற்றுலாக் குழுக்கள் பல இவ்விடத்திற்கு வருவதில்லை. எங்களுக்கோ பயணம் முழுவதிலும் முதன்மையான இடம் இதுவே.

1620ஆம் ஆண்டில் இம்மடத்தை நிறுவியவர் ஷப்துருங் நவாங் நம்கியால். 1594இல் திபெத்தில் பிறந்த அவர் துருக்பா மரபின் தலைமைக் குருவின் மறுபிறவியாகக் கருதப்பட்டார். அவ்வுரிமைக்கு மற்றொருவரும் போட்டியிட, திபெத்தின் ட்சாங் பகுதி அரசர் அம்மற்றொருவர் பக்கம் நின்றார். உயிருக்கு ஆபத்து நேர்ந்த நிலையில் ஷப்துருங் 1616இல் தெற்கு நோக்கிப் பூட்டானுக்கு வந்தார். சிதறிக் கிடந்த பள்ளத்தாக்குகளை ஒரு நாடாக்கியவர் அவரே. அவரும் வந்தேறிதான் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

1627ஆம் ஆண்டு அவரிடம் இரு விருந்தினர் வந்தனர். ஒருவர் அருள்தந்தை எஸ்தெவாவோ காசெல்லா. மற்றவர் அருள்தந்தை ஜொவாவோ கப்ரால். இருவரும் போர்ச்சுகீசிய இயேசு சபைக் குருக்கள். 1626இல் கொச்சியிலிருந்து புறப்பட்டு, வங்கத்தின் ஊக்ளி, டாக்கா வழியாகவும், பின் அசாமின் ஹாஜோ, கூச்பிகார் வழியாகவும் நடந்து மலையேறியவர்கள். வழியில் கொள்ளைக்கும் சிறைக்கும் உள்ளாயினர். 'கத்தாய்' என்று ஐரோப்பியர் கேள்விப்பட்டிருந்த நாட்டைக் கண்டுபிடிப்பதும், அப்பகுதிகளில் மறைந்து கிடப்பதாகக் கருதப்பட்ட பழைய கிறித்தவர்களைத் தேடுவதும் அவர்களது நோக்கம். 1624இல் அருள்தந்தை அந்தோனியோ தெ அந்திராதே மேற்குத் திபெத்தின் ட்சபராங் நகரை எட்டிய செய்தி அவர்களுக்கு ஊக்கம் அளித்திருந்தது.

ஷப்துருங்குக்கு அப்போது வயது 33. அவர் அவர்களைக் கனிவோடு வரவேற்றார். அவர்களது இனத்தாரைத் தாமோ தம் முன்னோரோ கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை என்றார். சக்ரியில் தங்க இடம் கொடுத்தார். சிற்றாலயம் அமைத்துக்கொள்ளவும் மறையுரைக்கவும் இசைந்தார். மொழிதான் பெருந்தடையாக இருந்தது. காசெல்லா முயன்று அம்மொழியைக் கற்கத் தொடங்கினார்.

1627 அக்டோபர் 4ஆம் நாள் அம்மடத்திலிருந்து காசெல்லா நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். ஷப்துருங்கை நேரில் கண்ட அயலார் எழுதிய அரிய பதிவு இது. அவர் சோறு உண்ணாமல் பாலும் பழமும் கொண்டு நோற்றதும், சிற்பத்திலும் ஓவியத்திலும் கைதேர்ந்தவர் என்பதும், நீண்ட தாடியும் கூந்தலும் உடையவர் என்பதும், சமயத் தலைமையும் அரசும் ஒருங்கே தாங்கினார் என்பதும் அதிலிருந்து தெரிய வருகின்றன. பூட்டானின் வரலாற்றை எழுதிய மைக்கேல் ஆரிஸ் 1986இல் வெளியிட்ட மூல ஆவணத் தொகுப்பில் இக்கடிதத்திற்கும் இடமளித்தார். இன்று பூட்டானியரே தம் நாட்டின் தந்தையைப் பற்றி அறிய ஒரு கத்தோலிக்கக் குருவின் கடிதத்தைப் புரட்டுகின்றனர்.

அக்குருக்களின் பார்வையில் குறை இல்லாமல் இல்லை. அம்மக்கள் ஒரு காலத்தில் கிறித்தவ மறையை அறிந்திருந்து பின்னர் மறந்தனர் என்று அவர்கள் நம்பினர். மணமாகாத துறவியர், மடம், மணி, தூபம், விளக்கு, கூட்டுச் செபம் எனக் கண்டதெல்லாம் அந்நம்பிக்கைக்கு உரமாயிற்று. 'மும்மணிகள்' என்னும் புத்த வழக்கில் மூவொரு கடவுளின் நிழலைக் கண்டவர்களும் அக்காலத்து இயேசு சபையாரிடையே உண்டு. அன்பினால் விளைந்த பிழைதான் அது. ஆயினும் பிறர் இல்லத்துக் கண்ணாடியில் தம் முகத்தையே தேடிய பிழை. அவர்கள் தேடிய மறைந்த கிறித்தவர் எங்கும் கிடைக்கவில்லை.

கொச்சிக்கு வந்த கடிதம்

அக்கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பது நமக்கு நெருக்கமான செய்தி. பெறுநர் அருள்தந்தை ஆல்பர்ட்டோ லாயெர்சியோ. இயேசு சபையின் மலபார் மாநிலத் தலைவர். வங்கமும், முத்துக்குளித்துறையும், மதுரைப் பணித்தளமும் அன்று அந்த ஒரே மாநிலத்தைச் சேர்ந்தவை. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியைத் தாங்கி நின்ற மாநிலத் தலைவரும் இதே லாயெர்சியோதான். நொபிலியின் முறைகளுக்கு எதிராக எழுந்த வழக்கில், 1623 ஜனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அளித்த ஆணை அவருக்கு ஆதரவாக அமைந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து இமயத்திலிருந்து வந்த மடலும் அதே மேசைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு முயற்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். மதுரையில் நொபிலி எதிர்கொண்ட பெருந்தடை 'பரங்கி' என்னும் சொல். அச்சொல் கடலோரத்துப் பீரங்கியையும் கப்பலையும் நினைவூட்டியது. அந்த அடையாளத்தைக் களைவதற்காகவே அவர் காவியுடுத்தி, புலால் மறுத்து, தமிழும் வடமொழியும் கற்றார். இமயத்திலும் அதே அடையாளம் நிழலாகத் தொடர்ந்தது. கடலுக்கு அப்பாலுள்ள போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்தோர் ஷப்துருங்குக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் தொலைநோக்கியும் பரிசாக அளித்தனர். திபெத்துக்கு எதிரான போரில் துணைபுரியவும் முன்வந்தனர். அவரோ அத்துணையை ஏற்கவில்லை. பூட்டானிய மரபு வரலாறு இப்படிக் கூறுகிறது. சக்ரிக்கு வந்த அவ்விருவரையே இது குறிக்கிறது என்பர்.

ஷப்துருங் போரறியாத துறவியல்லர்; பகைவரோடு பலமுறை பொருதவர்; ஜோங்குகளைக் கோட்டைகளாகவே கட்டியவர். ஆயினும் அறம் கற்பிக்க வந்தவர்களிடமிருந்து போர்த்துணையை அவர் பெற விரும்பவில்லை என்று அவர்களது நினைவு சொல்கிறது. விருந்தளித்தவர்கள் தம் விருந்தினரைப் பற்றி எதனை நினைவில் வைத்திருக்கின்றனர் என்பது கவனத்திற்குரியது. நாம் சொன்ன மறையுரை அவர்கள் நூலில் பெரிதாக இல்லை. நம் கையில் இருந்த பொருள் இருக்கிறது.

1627இன் இறுதியில் காசெல்லா திபெத்தின் ஷிகாட்சே நகருக்குப் புறப்பட்டார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கப்ராலும் சென்று சேர்ந்தார். அது ஷப்துருங்கின் பகைவர் நாடு. விருந்தினர் பிரிந்து செல்வதை அவர் விரும்பவில்லை. தம் பெருமைக்கு இழுக்காகும் என்றும் எண்ணினார். கப்ரால் நேபாளம் வழியாக வங்கம் திரும்பினார். காசெல்லாவோ 1630 மார்ச் மாதம் ஷிகாட்சேயில் நோயுற்று இறந்தார். அப்பணித்தளம் தழைக்கவில்லை. கணக்கெழுதுவோர் நோக்கில் அது தோல்வி. எஞ்சியவை ஒரு கடிதமும், ஒரு மடத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடத்தின் நினைவுமே.

இரு நதிகள் கூடுமிடம்

திம்புவிலிருந்து புனாக்கா செல்லும் வழியில், 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தோச்சுலா கணவாய் உள்ளது. அங்கு 108 சிறு தூபிகள் வட்டமாக நிற்கின்றன. 2003 டிசம்பரில் பூட்டானின் தென்பகுதியில் முகாமிட்டிருந்த அசாம் தீவிரவாதக் குழுக்களோடு நடந்த மோதலில் இறந்தோர் நினைவாக 2004இல் எழுப்பப்பட்டவை அவை. கிச்சுவின் கதையில் கேட்ட அதே எண் 108. இங்கோ அது எவரையும் அறைந்து நிறுத்துவதற்காக அன்று, இறந்தவர்க்காக மன்றாடுவதற்காக.

போ சூ, மோ சூ என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் 1637இல் ஷப்துருங் கட்டத் தொடங்கியது புனாக்கா ஜோங். ஒன்றைத் தந்தை நதி என்றும் மற்றதைத் தாய் நதி என்றும் மக்கள் கருதுகின்றனர். குளிர்காலத்தில் தலைநகர்த் துறவியர் அனைவரும் தலைமைக் குருவோடு அங்கு வந்து தங்குவர். 1651இல் ஷப்துருங் அங்கேயே இறந்தார். நாடு சிதறிவிடும் என்றஞ்சி அவருடைய இறப்பை 50 ஆண்டுகளுக்கு மேல் மறைத்து வைத்தனர். அவர் ஆழ்ந்த தவத்தில் இருப்பதாகச் சொல்லி, நாள்தோறும் உணவு கொண்டு சென்றனர். அவர் பெயரால் ஆணைகளும் பிறந்தன. அவருடைய உடல் அங்குள்ள மச்சென் கோயிலில் பேணப்படுகிறது. அரசரும் தலைமைக் குருவும் அன்றிப் பொதுமக்கள் அதனுள் செல்ல இயலாது. 1907 டிசம்பர் 17ஆம் நாள் பூட்டானின் முதல் மன்னர் உக்கியென் வாங்சுக் அரியணை ஏறியதும் இந்த ஜோங்கில்தான்.

1994 அக்டோபரில் மேலுள்ள பனியேரி ஒன்று உடைந்து போ சூ நதியில் பெருவெள்ளம் வந்தது, ஜோங்கும் பழுதுற்றது, உயிர்களும் மடிந்தன. நதிகளின் நடுவே கோயில் கட்டியவர்கள் நதிகளை வென்றுவிட்டதாக நினைப்பதில்லை. சீர்செய்கிறார்கள்; மீண்டும் வழிபடுகிறார்கள்.

இரண்டாம் முறை வந்த அழைப்பு

காசெல்லா சென்று 336 ஆண்டுகள் கழிந்தன. 1963இல் மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் தம் நாட்டில் புதுமுறைக் கல்வியைத் தொடங்க விரும்பி, டார்ஜிலிங்கில் பணியாற்றிய கனடா நாட்டு இயேசு சபைக் குரு வில்லியம் மேக்கியை அழைத்தார். மதமாற்றப் பணி கூடாது என்பது வரையறை. மேக்கி அதனை ஏற்றுக் கிழக்குப் பூட்டானின் திராஷிகாங்கிற்குச் சென்றார். பின்னர் காங்லுங்கில் உருவான ஷெரூப்ட்சே பள்ளி நாட்டின் முதல் கல்லூரியாக வளர்ந்தது. 1988இல் இயேசு சபையார் பொறுப்புகளை ஒப்படைத்து வெளியேறிய பின்னும் மேக்கி அரசின் கல்விப் பணியில் நீடித்தார். பூட்டான் அவருக்குத் தன் குடியுரிமையையே வழங்கியிருந்தது. 1995 அக்டோபரில் திம்புவில் இறந்தார்.

இங்கு வினா ஒன்று எழுவது இயல்பு: இயேசுவை அறிவியாத பணி மறைப்பணி ஆகுமா? அவர் மறைத்தது எதுவும் இல்லை. தாம் குரு என்பதை அனைவரும் அறிவர். அவர் கட்டியது ஆலயமன்று, பள்ளி. அழைத்தவர் கேட்டதைச் செய்தார், கேளாததைத் திணிக்கவில்லை. 1627இல் சென்றவர்கள் தாம் தேடியதைக் காணாமல் திரும்பினர். 1963இல் சென்றவர் எதனையும் தேடாமல் அம்மக்களோடு கலந்தார்.

பூட்டானைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது முறையன்று. 2008இன் அரசமைப்புச் சட்டம் சமய உரிமையை ஏற்கிறது. அதேவேளை வற்புறுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. டார்ஜிலிங் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அந்நாடு அடங்கினும் அங்குக் கத்தோலிக்கர் வெளிப்படையாகக் கூடும் பங்கு ஆலயம் இல்லை. விடுதி அறையின் சிறு மேசையே எங்கள் திருப்பலிக்குப் பீடமாயிற்று. இன்னும் துயரமானது, 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்பூட்டானின் நேபாளி பேசும் மக்களுள் பல்லாயிரவர் குடியுரிமை இழந்து வெளியேற நேர்ந்தது. நேபாள முகாம்களில் 1,00,000க்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். அம்முகாம்களின் பள்ளிகளை நேபாளக் காரித்தாசும் இயேசு சபை அகதிகள் பணிக்குழுவும் நடத்தின. 2007க்குப் பின் அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியேறினர். கோயில்களின் அழகைக் கண்டு திரும்புவோர் இதனையும் அறிந்திருத்தல் வேண்டும். விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற வீட்டிலும் வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் உண்டு.

நாகையின் கோபுரம்

பிறரைக் குறைகூறுமுன் நம் மண்ணை நோக்குவோம். சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், ஸ்ரீவிஜய அரசன் மாரவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழன் கொடையாக அளித்தான். சைவ மன்னன் ஒருவன் அயல்நாட்டுப் புத்த மன்னனுக்கு இடம் கொடுத்தான் என்பதற்கு லெய்டன் செப்பேடுகள் சான்று.

அப்பௌத்த நகரின் எச்சமாக, மூன்று நிலைகளில் ஒரு செங்கற் கோபுரம் 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. கடலில் வருவோருக்கு அது வழிகாட்டியாக விளங்கிற்று. அதன் அருகே கல்லூரி நடத்திய இயேசு சபையார் அக்கோபுரத்தை இடிக்க அரசின் அனுமதியைக் கேட்டனர். 1867இல் அனுமதி கிடைத்தது, கோபுரம் தரைமட்டமாயிற்று. அங்கு நடந்த புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிச் சென்றது. அவ்வூர் மண்ணில் கண்டெடுத்த நூற்றுக்கணக்கான புத்தப் படிமங்கள் சென்னை முதலிய ஊர்களின் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றுக்கு விளக்கேற்ற எவரும் இல்லை.

இதனை எழுதுவது ஒரு சபையைப் பழிப்பதற்கன்று. அச்சபையின் கல்வித் தொண்டால் வாழ்வு பெற்றோர் தமிழகத்தில் எண்ணிலர். ஆனால் வரலாற்றை முழுமையாகச் சொல்லுதல் நமது கடமை. 1627இல் புத்த மடம் ஒன்று இயேசு சபைக் குருக்கள் இருவருக்குத் தன் கூரையின்கீழ் இடம் தந்தது. 240 ஆண்டுகள் கழித்து, இயேசு சபையாரின் வேண்டுகோளால் புத்த மதத்தின் எஞ்சிய ஒரு கோபுரம் வீழ்ந்தது. வணங்குவோர் இல்லாத பாழ்ங்கட்டடம்தானே என்று அன்று கருதியிருக்கலாம். கிச்சுவில் அரக்கியின் மேல் அறைந்த ஆணியை நினைத்தால் அக்கருத்தில் நம் மனம் அமைதி கொள்வதில்லை.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் சீடர் எழுபத்திருவரை அனுப்பும்போது இட்ட கட்டளைகளை இங்கு நினைவு கூரலாம். பையும் பணமும் எடுத்துச் செல்லாதிருத்தல், புகும் வீட்டிற்கு முதலில் அமைதியை வாழ்த்துதல், அவ்வீட்டிலேயே தங்குதல், முன்வைப்பதை உண்ணுதல். இறையாட்சியை அறிவிப்பது அதன் பின்னரே வருகிறது. மறைப்பணியாளன் முதலில் விருந்தினன். பிறரது சோற்றில் பிழைப்பவன். பூட்டானில் உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரை எங்கள் கைகளில் தந்தபோது, எங்களுள் சிலர் முகம் சுளித்ததும் உண்டு. சிறு செய்திதான், ஆனால் மறைப்பணியின் முதற்பாடம் அக்கோப்பையில் இருந்தது.

பல்சமய உரையாடல் என்பது கருத்தரங்குகளில் மட்டும் நிகழ்வதாக நாம் எண்ணிவிடுகிறோம். நம் ஊரிலேயே நம் திருவிழாத் தேருக்கு வழிவிடும் பிற சமயத்தார் உள்ளனர். வேளாங்கண்ணி மாதாவை நாடி வருவோருள் பாதி வழியில் நீரும் மோரும் தந்து உபசரிப்போர் யாவரும் நம் மறையினர் அல்லர். அவர்களது திருவிழா நாளில் நாம் எங்கே நிற்கிறோம்? அவர்கள் ஆலயத்தின் முன் கடக்கும்போது நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? காலணியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, அவர்கள் வலம் வரும் திசையிலேயே நடந்து, புரியாததைப் பணிவோடு கேட்டு அறிவதனால் நம் விசுவாசம் குறைந்துவிடாது.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில் மறைபரப்பு ஞாயிறைக் கொண்டாடுகிறோம். காசெல்லா தம் கடிதத்தை எழுதியதும் அதே மாதத்தில்தான். அந்த ஞாயிற்றின் மன்றாட்டில் தொலைநாடுகளுக்குச் சென்று மடிந்த குருக்களை நினைவு கூர்கிறோம், அது தக்கதே. அவர்களுக்குத் தங்க இடமும் வழிபட இடமும் கொடுத்தவர்களையும், அவர்கள் எம்மறையினராயினும், அம்மன்றாட்டில் இனிச் சேர்த்துக்கொள்வோமாக.